இன்னொரு அஜ்மல்

பர்கத்துல்லாவின் மகன் யாங்கூனை விட்டுப் போனது 1996 ஜனவரி நாலாம் தேதி. பர்மாவின் சுதந்திர தினம். அன்றைக்குப் பேட்டைக்குப் பேட்டை தெருவை அடைத்து விளையாட்டுப் போட்டி நடக்கும். இவர்கள் பேட்டையான போட்டாதாங்கில் விடிவதற்குள்ளேயே இரண்டு மூங்கில் நட்டு, வாலிபால் வலை கட்டியாயிற்று. வலை கட்டியவன் அஜ்மல். ஸ்ட்ராண்ட் ரோட்டில் கப்பல் கயிறு விற்கும் மீரா முகைதீனின் மகன். வலையை இழுத்து முடிந்த கையோடு, கப்பல் வேலைக்குப் போகிறவனின் பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வண்டி ஏறினான்.

"சாயங்காலம் பசுண்டாங் பேட்டைக்காரனோட ஃபைனல்" என்றான் அஜ்மல். வண்டியில் அவனாகப் பேசியது அந்த ஒன்றுதான்.

"அதுக்கு? வாலிபால் முடிஞ்சதும் கப்பல் ஏறுறேன்னு கம்பெனிக்காரன்ட்ட சொல்லவா?"

"எனக்கென்ன வந்துச்சு. போ."

"மூஞ்சத் தூக்காத மாப்ளே. எவன் அடிச்சா என்ன, பந்தத் தூக்கிக் குடுக்குறவன் நீதானே."

தேற்றுவதற்காகத்தான் சொன்னான். அஜ்மலுக்குக் குத்திக்காட்டியது போல இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. போனவன் பெயரும் அஜ்மல்தான்.

ஒரே தெரு, ஒரே வயது, ஒரே பெயர். பள்ளிக்கூடத்தில் வாப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பிரித்தார்கள்: எம். அஜ்மல், பி. அஜ்மல். பர்மாக்காரர்களுக்கு வாப்பாவின் எழுத்தைப் பெயருக்கு முன்னால் தொங்கவிடும் வழக்கம் கிடையாது. ஆகவே மைதானத்தில் எழுத்து எடுபடவில்லை. பி. அஜ்மல் ஆறடி. எழும்பி அடித்தால் பந்து எதிர்ப்பக்கத்து மண்ணைக் கிளப்பும். அவன் அஜ்மல் ஆனான். பந்தைப் பதமாகத் தூக்கிக் கொடுக்கும் எம். அஜ்மல், 'இன்னொரு அஜ்மல்' ஆனான்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பந்து யாருக்குப் போகிறது என்று தூக்குபவன் கூவ வேண்டும். ஒவ்வொரு முறை பந்தை உயர்த்தும்போதும் அவன் "அஜ்மல்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். தன் பெயரைத் தானே கத்தி, இன்னொருவனைக் கூப்பிடுவான். அவன் அடிப்பான். தெருவே "அஜ்மல்! அஜ்மல்!" என்று ஆடும். தன் பெயரை இத்தனை பேர் கொண்டாடும்போது கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். அதனால் எம். அஜ்மல் மனசுக்குள் ஒருநாளும் மற்றவனை அஜ்மல் என்று சொன்னதில்லை. 'பர்கத்துல்லா மகன்' என்றே சொல்லிக்கொள்வான்.

அன்று சாயங்காலம் ஃபைனலில் தோற்றார்கள். அஜ்மல் தூக்கிய பந்தெல்லாம் வலைக்கு மேலே அந்தரத்தில் நின்று, அடிக்க ஆள் இல்லாமல் இறங்கின. குழுவை நடத்திய இராமையா, முனிசிபாலிட்டியில் குழாய் வேலை பார்ப்பவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நம்ம அஜ்மல் இல்லாம போச்சு" என்றார். அஜ்மல் அவருக்கு எதிரேதான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

ஆனாலும் அன்றிரவு அவனுக்குத் தோல்வி பெரிதாக உறுத்தவில்லை. இனிமேல் இந்தப் பேட்டையில் அஜ்மல் என்றால் ஒரே ஆள். மூன்று மாதம் போனால் மறந்துவிடுவார்கள். அது போதும் அவனுக்கு. கோப்பை வேண்டாம், யாராவது அஜ்மல் என்று கூப்பிட்டால் அது தான்தான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறக்கவில்லை. ஊரில் இருந்த அஜ்மலைவிட ஊரில் இல்லாத அஜ்மல் இன்னும் உயரமாக எழும்பினான். அவன் அடித்த அடியில் கல்தூண் விரிசல் விட்டது என்றார்கள். இங்கே இருந்த அஜ்மல் கல்யாணம் முடித்தான். நிக்காஹ் விருந்தில் பந்திக்கு உட்கார்ந்த பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளை யாரு, வாலிபால் அஜ்மலா?" என்று கேட்க, பக்கத்திலிருந்தவர், "இல்ல காக்கா, இது இன்னொரு அஜ்மல்" என்றார். மணப்பெண் ஹுஸ்னா அதைக் காதால் கேட்டாள். சண்டை வரும்போதெல்லாம் எடுத்துச் சொல்வதற்கு அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

"அப்ப நான் முடிச்சது அசலா, டூப்ளிகேட்டா?" என்பாள். பிறகு அவளே சிரித்துவிடுவாள். அவனுக்குச் சிரிப்பு வராது.

போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆனபிறகு பர்கத்துல்லா மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ருமேனியாவில் கப்பலை விட்டு இறங்கி, டான்யூப் ஆற்றில் சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தானாம். செர்பியாவில் நோவி சாட் என்கிற ஊரில் நின்றிருந்தபோது சண்டை வந்து, விமானங்கள் குண்டு போட்டு, பாலங்கள் ஆற்றுக்குள் விழுந்துவிட்டனவாம். படகு அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் வர முடியாது.

'பட்டினிதான் கிடந்தேன். பிறகு இந்த ஊர் வாலிபால் கிளப்பில் ஒரு வேலை கிடைத்தது. வொய்வோதினா என்று பெயர். நாட்டிலேயே முதல் கிளப். வருஷா வருஷம் சாம்பியன். ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரர்கள் விழுந்து எழுந்த இடத்தில் வியர்வை இருக்கும், ஓடிப்போய்த் துடைக்க வேண்டும். எங்கள் கிளப்பில் முன்னே ஆடிய இரண்டு பேர் படம் சுவரில் இருக்கிறது. இப்போது இத்தாலியில் ஆடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் மாப்ளே, க்ர்பிச். ஒருத்தன் தூக்குவான், ஒருத்தன் அடிப்பான். நம்மளை மாதிரியே.'

கூடவே, சுவரில் இருந்த அந்தப் படத்தின் போட்டோ. கீழே எழுத்து: வி. க்ர்பிச். என். க்ர்பிச். என்-னுக்குப் பக்கத்தில் 'தூக்குறவன்' என்று பேனாவால் எழுதியிருந்தான்.

ஹுஸ்னா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பாவம், தரை துடைக்கிறாரு" என்றாள்.

"என்ன பாவம்? 'எங்கள் கிளப்'னு எழுதிருக்கான் பாத்தியா? தொடைக்கிறவனுக்கு என்ன எங்க கிளப்பு?"

"அவரு வேலை பாக்குற எடம், எங்க கிளப்புன்னுதான் எழுதுவாரு. நீங்க மட்டும் 'எங்க கயித்துக் கடை'ன்னு சொல்லல?"

"கயிறும் வாலிபாலும் ஒண்ணா?"

"ஏங்க, தரை துடைக்கிறவர் மேல கூடவா பொறாம?"

ஆமாம், அவன் மேலும்தான், அந்தத் தரை மேலும்தான். மரப்பலகைத் தரை. உலகத்துக்கே பெரிய ஆட்டக்காரர்கள் குதித்துக் குதித்து வழுவழுப்பாக்கிய தரை. அதன் மேல் நடக்கிறான் பர்கத்துல்லா மகன். அவர்கள் வியர்வையைக் கையில் வாங்குகிறான். இங்கே அஜ்மல் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் படகுக்காரர்களுக்குக் கயிறு முழம்போட்டுக்கொண்டிருக்கிறான். இரவெல்லாம் அந்தத் தரை அவன் கண்ணுக்குள் பளபளத்தது. யார் கண்டது, ஒருநாள் ஆள் குறைந்தால் துடைக்கிறவனைக் கூப்பிட்டு ஆடவைக்க மாட்டார்களா? அவன்தான் ஆறடியாயிற்றே.

போட்டோவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டான். பர்கத்துல்லா மகனுக்காக அல்ல, என். க்ர்பிச்சுக்காக. தூக்குபவன் அவன். ஒரே பெயர், இரண்டு ஆட்கள். அங்கேயும் யாரோ அவனை இன்னொரு க்ர்பிச் என்று கூப்பிட்டிருப்பார்கள். நரைக்காத தலையும் நீண்ட விரல்களுமாக நின்ற அந்தப் படத்து மனிதனிடம் அஜ்மலுக்கு ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது.

இரண்டாயிரத்தில், சிட்னி ஒலிம்பிக்கில் வாலிபால் இறுதி ஆட்டம். தெருமுனைத் தேநீர்க் கடையில் டிஷ் வைத்திருந்தார்கள். காலையிலேயே பெஞ்சு கொள்ளாத கூட்டம். செர்பியா அடங்கிய யூகோஸ்லாவியாவும் ரஷ்யாவும். இராமையாவும் வந்திருந்தார்; குழுப் பையன்கள் அவரைப் பர்மிய வழக்கப்படி 'ஸயா', வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் பெயர்கள் ஓடின. அஜ்மல் எழுந்து நின்றுவிட்டான்.

"ஸயா, பாத்தீங்களா? என். க்ர்பிச். வி. க்ர்பிச். ரெண்டு பேரும் அந்த நோவி சாட் கிளப்புல ஆடுனவங்க."

"அண்ணந்தம்பியா அப்பனே?"

"அது எப்பிடி? ஒருத்தனுக்கு என், இன்னொருத்தனுக்கு வி. வாப்பா வேற வேற. எனக்கும் அவனுக்கும் மாதிரி. பேரு மட்டும்தான் ஒண்ணு."

பர்மாக்காரர்களுக்கு அதை அவர்கள் மொழியிலும் விளக்கினான். முன்னால் இருக்கும் எழுத்து வாப்பாவுடையது, பின்னால் இருப்பது ஆளுடைய சொந்தப் பெயர். அவர்கள் "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டார்கள். இனிஷியல் விஷயத்தில் தமிழனைவிட வேறு யாருக்கு அதிகம் தெரியும்?

என். தூக்கினான், வி. அடித்தான். கடை அதிர்ந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி அடித்தான். மேசையைத் தட்டி எல்லாரும் வி.-யைக் கொண்டாடினார்கள்.

"யாரு தூக்கிக் குடுத்தான்னு பாருங்கய்யா!" என்று அஜ்மல் கத்தினான். "அந்தக் கைய பாருங்க!"

"நீ என்ன, உனக்கு வந்த மாதிரி துடிக்கிற?" என்று இராமையா சிரித்தார். "அடிச்சவனத்தான் அப்பனே ஊரு பாக்கும்."

யூகோஸ்லாவியா மூன்று செட்டிலும் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. கூட்டம் கலைந்த பிறகும் அஜ்மல் உட்கார்ந்திருந்தான். தங்கம் வாங்கியபோதும் என். க்ர்பிச் ஓரமாகத்தான் நின்றான் என்று அவனுக்குத் தோன்றியது. உண்மையில் நடுவில் நின்றானோ என்னவோ. அவன் கண்ணுக்கு ஓரமாகத்தான் தெரிந்தான்.

அந்தச் சூட்டோடு வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினான். முதல் கடிதத்துக்கு அதுவரை பதில் போட்டிருக்கவில்லை.

'உன் க்ர்பிச்சைப் பார்த்தேன். என்-னுக்குப் பிறந்த க்ர்பிச் தூக்கிக் கொடுக்காவிட்டால், வி-க்குப் பிறந்த க்ர்பிச் அந்த ஊர் டாலாவில் சைக்கிள் ரிக்ஷா மிதித்துக்கொண்டிருப்பான். நீயும் அப்படித்தான். நான் தூக்கினேன், நீ அஜ்மல் ஆனாய். இப்போது தூக்க ஆள் இல்லை, தரை துடைக்கிறாய். என் பெயரை வைத்துக்கொண்டு துடைக்காதே, எனக்குக் கேவலம்.'

தபாலில் போட்ட பிறகுதான் ஹுஸ்னாவிடம் சொன்னான்.

"தூக்கிக் குடுத்தவன்தான் கீழயும் தள்ளணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் வரவில்லை. அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. முதலில், 'பதில் எழுத வாயில்லை அவனுக்கு' என்று அஜ்மல் மகிழ்ந்தான். பிறகு, அங்கே பெரிய ஆளாகிவிட்டதால் எழுதவில்லை என்று எண்ணிப் புழுங்கினான். அதற்கும் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கயிறு விற்றான். ஜனவரி நாலாம் தேதிகளில் வலை கட்டினான். முழங்கால் பிடித்துக்கொண்டதால் ஆடுவதை விட்டு, லைங் தாயா தொழிற்சாலைப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து தூக்கப் பழக்கினான். அவர்கள் அவனைக் 'கோ அஜ்மல்', அதாவது அஜ்மல் அண்ணன், என்றார்கள். இன்னொரு என்ற வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் 'கோ அஜ்மல்' என்று கூப்பிடும்போது, திரும்புவதற்கு முன் ஒரு நொடி, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் காத்திருப்பான்.

2009 ஜனவரி நாலாம் தேதி. இராமையாவுக்குக் கண் மங்கிவிட்டது, மைக் மட்டும் கையில் இருந்தது. "வலை கட்டுன அஜ்மலுக்கு ஒரு கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர், "எந்த அஜ்மல்?" என்று கேட்டார். "வெளிநாட்டுல இருக்கானே, அவன் இல்ல. இது இன்னொரு…" என்று இராமையா தொடங்கினார். அஜ்மல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

அதே மாதம் ஒருநாள் ஹுஸ்னாவின் தங்கை சாயிமா கடைக்கு ஓடிவந்தாள். அவள் பக்கத்துத் தெரு இன்டர்நெட் கடையில் வேலை பார்க்கிறவள்.

"மச்சான், உங்களுக்கு மெயில் வந்திருக்கு. என் அட்ரஸுக்கு."

"எனக்கு யாரு மெயில் போடுவா?"

"மொத வரி 'இது இன்னொரு அஜ்மல்'னு இருக்கு. நீங்களே உங்களுக்குப் போட்டீங்களோன்னு நெனச்சேன்."

அவள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. ஊருக்கு வந்து போன கப்பல்காரன் ஒருவன் கொடுத்திருந்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் அஜ்மலுக்குக் கண் ஓடவில்லை. "நீ படி" என்றான். சாயிமா திரையைப் பார்த்து உரக்க வாசித்தாள்.

"மாப்ளே, இது இன்னொரு அஜ்மல். உன் லெட்டர் கெடச்சப்ப கிழிச்சுப் போடணும்னு இருந்துச்சு. கிழிக்கல. ஒண்ணு மட்டும் தப்பா எழுதிருந்த. வி-யும் என்-னும் அவங்க வாப்பா எழுத்து இல்ல. அதான் அவங்க சொந்தப் பேரு. விளாதிமிர், நிக்கோலா. க்ர்பிச்ங்கறது குடும்பத்துப் பேரு. ரெண்டு பேரும் ஒரு உம்மா வயித்துப் பிள்ளைங்க. மொதல்ல எனக்கும் தெரியாது. இங்க சொந்தப் பேர ஒரு எழுத்தா சுருக்கிருவாங்க, வாப்பா வழிப் பேரத்தான் முழுசா சொல்லுவாங்க."

அஜ்மலின் காது சிவந்தது. தேநீர்க் கடையில் நின்றுகொண்டு விளக்கியது ஞாபகம் வந்தது. இராமையாவின் ஒற்றைக் கேள்வியும். அண்ணந்தம்பியா அப்பனே? தூக்குகிறவனும் அடிக்கிறவனும் அண்ணன் தம்பி. தன்னுடைய என். க்ர்பிச் தன்னைப் போல் இல்லை. அந்த மனிதனுக்குக் கத்திக் கூப்பிடுவதற்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். புதிதாக ஒரு பொறாமை வந்தது.

"ம், படி."

"என் கப்பல் வேலை அடையாளப் புக்குல கடைசியா இருந்த வாப்பா பேரையே எனக்கும் பேரா எழுதிட்டாங்க. ஹாலுல எல்லாரும் பர்கத்துல்லாம்பாங்க. மௌத்தாப் போன வாப்பாவக் கூப்பிடுறாங்கன்னு ரொம்ப நாள் திரும்பாமயே இருந்தேன். திட்டுனாங்க. இப்ப திரும்புறேன். நீ எழுதுன மாதிரி உன் பேர வச்சுக்கிட்டு நான் துடைக்கல. பர்கத்துல்லாதான் துடைக்கிறான். அஜ்மல் அங்கயேதான் இருக்கான், நீ ஒருத்தன்தான்."

சாயிமா நிறுத்தினாள். மச்சானுடைய முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு மச்சான். படிக்கவா?"

அஜ்மல் தலையை ஆட்டினான். அவள் மெதுவாக வாசித்தாள்.

"இங்க தூக்குறவன் பந்தத் தூக்கிட்டு அடிக்கிறவன் பேரக் கூவுறப்ப, துடைக்கிற துணியோட ஓரத்துல நிப்பேன். உன் சத்தம்தான் கேக்கும். கீழ போன் நம்பர் போட்டிருக்கேன். எதுவும் பேச வேணாம். அந்தப் பேர ஒரு தடவ கூப்பிடு."