இருபது மைக்ரான் இடைவெளி

எனக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் எதைப் பார்த்தாலும், இதை நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். ஓசூரில் என்னைப் போன்ற சின்னப் பட்டறை முதலாளிகளில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது.

பெயர் அருள்ஜோசப். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனிக்குக் கடைசல் வேலைக்கு, டர்னராக, வந்தேன். இப்போது சொந்தமாக, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் இரண்டு சி.என்.சி. மெஷின், ஏழு ஆட்கள். கம்பெனிகள் தரும் டிராயிங்கைப் பார்த்து அலுமினியத்திலும் இரும்பிலும் பாகங்கள் கடைந்து கொடுப்பது தொழில். அது போக மிச்ச நேரத்தில் வீட்டுக்கும் ஏதாவது செய்வேன். என் மனைவி ஜெயசெல்விக்கு ஒரு டிபன் கேரியர் செய்து கொடுத்தேன். ஒரு சொட்டு சாம்பார் வெளியே வராது. சாப்பாடு வைக்காமலே மூன்றரை கிலோ. அதை அவள் பூந்தொட்டியாக வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் செஞ்சது, தூக்கிப் பாருங்க" என்பாள்.

இந்த வியாதி தொழிலிலேயே கை வைத்த கதைதான் இது.

எங்கள் வேலையில் முக்கால் பங்கு ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பெனி பிப்ரவரியில் ஒரு கடிதம் அனுப்பியது. அவர்களுடைய டிராயிங்குகள், மெஷின் புரோகிராம்கள், அளவு பார்த்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தாலும் எதுவும் தொலையக் கூடாது; ஏப்ரலில் ஆடிட் வருவோம்; இது இல்லையென்றால் அப்ரூவல் நிறுத்தப்படும். அப்ரூவல் நின்றால் ஆர்டர் நிற்கும், ஆர்டர் நின்றால் ஏழு வீட்டில் அடுப்பு நிற்கும். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும், என் சாவிக்கொத்தில் தொங்கிய நாலு பென்டிரைவும்தான்.

தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள் ரஞ்சிதா. கல்லாவியிலிருந்து வந்து ஓசூரில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண். அவள் ஒரே வாரத்தில் விசாரித்து வந்துவிட்டாள். நாலு டிஸ்க் போடும் ஸ்டோரேஜ் சர்வர், செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ரெடிமேட். டிஸ்க்குகளைச் செருகிச் சுவிட்சைப் போட்டால் போதும். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம்.

"பெங்களூர்ல ஸ்டாக் இருக்குதுங்க சார். இன்னிக்கு சொன்னா நாளன்னிக்கு வந்துரும்" என்றாள்.

விலையைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். "பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு காசு?" என்றேன்.

"காசு பிளாஸ்டிக்குக்கு இல்லீங்க சார்."

"உள்ளே இருக்கிறதைத் தனித்தனியா வாங்கினா பாதி விலைதான்மா. பெட்டியை நாமளே செஞ்சுக்கலாம். நம்ம கிட்ட இல்லாத மெஷினா?"

ரஞ்சிதா ஜெயசெல்வியைப் பார்த்தாள். ஜெயசெல்வி, பட்டறையின் பில்களையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவள், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "விடும்மா. அவருக்குச் சாமி வந்துருச்சு."

நியாயமாகச் சொன்னால், எனக்குத் தெரியாத பகுதியெல்லாம் சரியாகவே நடந்தது. பழைய மதர்போர்டு, மெமரி, டிஸ்க்குகளைப் பின்னாலிருந்து இணைக்கும் பலகை எல்லாவற்றையும் பெங்களூரில் தேடி வாங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரை, வீடியோ பார்த்து, பயந்து பயந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்து ஏற்றினேன். முதல் தடவையிலேயே ஓடியது. என் வாழ்நாளில் ஒரு சிறு தப்பும் பண்ணாமல் நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்ததால் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறேன்.

பெட்டிதான் என் துறை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

தகட்டை வளைத்து நாலு ரிவெட் அடித்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். நான் முப்பது கிலோ அலுமினியக் கட்டியை எடுத்து மெஷினில் ஏற்றினேன். நாலு டிஸ்க்குக்கும் நாலு அறை, முழுக் கட்டியைக் குடைந்து. அதோடு விட்டேனா? டிஸ்க்குகளை ஏசி போட்ட அளவு அறைக்குக் கொண்டுபோய், இருபது டிகிரியில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். நாலும் நாலு அகலம். "டிஸ்க் கம்பெனிக்காரனுக்கு அளவே தெரியலையே" என்று அலுத்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதனதன் அளவுக்குத் தனித்தனி அறை என்று டிராயிங் போட்டேன். இடைவெளி இருபது மைக்ரான். ஒரு தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த மெஷினை ஓட்டுகிறவர் திம்மப்பன். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறார். டிராயிங்கை வாங்கிப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"கேப் கொஞ்சம் கூட்டிக்கலாமாண்ணா?"

"டிராயிங்ல என்ன இருக்கோ அதை ஓட்டு, திம்மப்பா."

ஓட்டினார். மூன்று நாள். அந்த மூன்று நாளும் மெஷினில் ஓடியிருக்க வேண்டிய கம்பெனி ஆர்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் பெட்டி வந்ததும் பட்டறையே கூடி நின்று பார்த்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு. டிஸ்க்கை அறையின் வாயில் வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு தானாக இறங்கியது. நான் அதைப் பத்துத் தடவையாவது செய்து காட்டியிருப்பேன். அந்த வாரம் பட்டறைக்கு வந்த தண்ணீர் கேன்காரருக்கும் காட்டினேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி ஆடிட்டுக்கு சுரேந்தர் வந்தார். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். ரஞ்சிதாவுக்கு அது முதல் ஆடிட். மூன்று வாரமாக ஒவ்வொரு ஃபைலுக்கும் லேபிள் ஒட்டி வைத்திருந்தாள். காலையிலிருந்து அவர் கேட்டதெல்லாம் அவள் கைக்கு வந்தது. கடைசியாகத்தான் சர்வரிடம் வந்தார்கள். நானும் போய் நின்றுகொண்டேன், பெண் பார்க்க வந்த வீட்டில் அப்பா நிற்கிற மாதிரி.

"நல்லா இருக்கு சார்" என்றார் சுரேந்தர். "ஒரு டிஸ்க்கை உருவுங்க. வேலை நிக்காம ஓடுதான்னு பார்த்துக்கறேன்."

ரஞ்சிதா டிஸ்க்கில் மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் இழுத்தேன். வரவில்லை. சுரேந்தரும் இழுத்துப் பார்த்தார். திம்மப்பன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி இழுத்ததில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

வெளியே வெயில் முப்பத்தெட்டு. உள்ளே ஒரு மாதமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஐம்பது டிகிரிக்கு மேல். சூடானால் உலோகம் பெருகும். ஐ.டி.ஐ.யில் முதல் வருடம் முதல் மாதம் சொல்லித் தருவது. அந்த அகலத்துக்கு, அந்தச் சூட்டுக்கு, அறுபது எழுபது மைக்ரான் பெருகியிருக்கும். நான் விட்டிருந்தது இருபது. பெட்டியும் கொஞ்சம் பெருகும்தான், ஆனால் டிஸ்க் அளவுக்கு அது சூடாகவில்லை. தினமும் சூடான பாகத்தை அளக்கக் கூடாது, ஆறட்டும் என்று ஆட்களைத் திட்டுகிறவன் நான்.

"நைலான் சுத்தி எடு, திம்மப்பா" என்றேன்.

"ஓடிக்கிட்டு இருக்கிற டிஸ்க் சார் அது" என்றார் சுரேந்தர்.

எல்லாவற்றையும் நிறுத்தினோம். டீ வாங்கி வந்தோம். ஜெயசெல்வி பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தைந்து நிமிடம் ஒரு பெட்டி ஆறுவதற்காக ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆறியதும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பெருமையோடு நிமிர்ந்தேன்.

"அப்ப டிஸ்க் மாத்தணும்னா எல்லாத்தையும் ஒரு மணி நேரம் நிறுத்தணும்?" என்றார் சுரேந்தர். "சரி, ஸ்பேர் டிஸ்க்கைப் போடுங்க."

புது ஸ்பேர் உள்ளே போகவில்லை. பழையதைவிட அறுபது மைக்ரான் அகலம். அந்த அறை, அதற்கென்றே அளந்து செய்த அந்த ஒரே டிஸ்க்கைத் தவிர உலகத்தில் வேறெதையும் ஏற்காது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன்கூட இவ்வளவு அளவெடுத்து விட்டிருக்க மாட்டான்.

சுரேந்தர் குறைபாடு என்று எழுதினார். பதினைந்து நாளைக்குள் சரிசெய்து, காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். அவர் போனதும் ரஞ்சிதா கழிவறைக்குப் போய்விட்டுச் சிவந்த கண்ணோடு வந்தாள். பெங்களூருக்குப் போன் பண்ணச் சொன்னேன். "பண்ணிட்டேனுங்க சார்" என்றாள்.

ரெடிமேட் பெட்டி மூன்றாம் நாள் வந்தது. டிஸ்க்குக்கும் சுவருக்கும் நடுவே என்ன இடைவெளி என்று அளந்து பார்த்தேன். ஒன்றே கால் மில்லிமீட்டர். அதை என் பட்டறையில் எவனாவது செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். டிஸ்க் சூட்டோடு வந்தது, சூட்டோடு போனது.

பாக்கி இருந்தது காரணம் எழுதுவது. இங்கே கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்தாவது பதிலை மூலகாரணம் என்று எழுத வேண்டும். எங்கே ஆரம்பித்தாலும் எங்கள் வட்டாரத்தில் ஐந்தாவது ஏன் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை. தீர்வு: மறுபயிற்சி அளிக்கப்பட்டது. கீழே ஆபரேட்டர் கையெழுத்து. எல்லோருக்கும் வசதி, ஆபரேட்டரைத் தவிர.

நானும் அப்படியே சொன்னேன். ரஞ்சிதா பேனாவை எடுக்கவில்லை.

"சார், அண்ணன் டிராயிங்ல இருந்ததைத்தானே ஓட்டுனாரு?"

"சும்மா பேப்பருக்குத்தான்மா. எழுது."

திம்மப்பன் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, "எந்த பார்ட்டுக்குண்ணா?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் சுரேந்தர் போன் பண்ணினார். "சார், தப்பு டிராயிங்ல இருக்கு. டிராயிங் போட்டது ஆபரேட்டரா?" என்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான ரிப்போர்ட் வரலைன்னா அப்ரூவலை நிறுத்தி வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லைங்க."

போனை வைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, திம்மப்பனின் பயிற்சி ஃபைலை எடுத்தேன். பதினோரு வருடத்தில் முப்பத்து நாலு மறுபயிற்சி. புதிதாக வேலையில் சேர்ந்த பையனுக்குக்கூட அவ்வளவு பயிற்சி கிடையாது. நான் சிக்கனம் பார்த்து வாங்கிய மட்டமான டூல் உடைந்தது ஒன்று. அவசரத்தில் நான் மாற்றிச் சொன்ன அளவு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே அவருடைய தெலுங்குக் கையெழுத்து. இதில் எத்தனை என்னுடைய தப்பு என்று எண்ண ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்திவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் நான் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ரஞ்சிதாவைக் கூப்பிட்டு, "நீ கேளு, நான் சொல்றேன்" என்றேன். ஜெயசெல்வியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டிஸ்க் ஏன் வரலைங்க சார்?"

"இடைவெளி பத்தலை."

"ஏன் பத்தலைங்க?"

"சூட்டைக் கணக்குல எடுக்கலை."

"ஏன் எடுக்கலைங்க?"

"அளவு அறையில குளிர்ச்சியா இருந்தப்ப அளந்தேன். நல்லா செய்யணும்ங்கிற வெறியில மறந்துட்டேன்."

"கேப் கூட்டலாமான்னு அண்ணன் கேட்டாருங்களே, ஏன் கேக்கலைங்க?"

"அவன் சொல்லி நான் கேக்கறதான்னு இருந்துச்சு."

ரஞ்சிதா ஐந்தாவதைக் கேட்கத் தயங்கினாள். ஜெயசெல்விதான் கேட்டாள்: "ரெடிமேடா வாங்கலாம்னு இந்தப் பொண்ணு பிப்ரவரிலேயே சொன்னா. ஏங்க வாங்கலை?"

"எல்லாம் கடையிலே கிடைச்சுட்டா அப்புறம் நான் எதுக்குன்னு தோணுச்சு" என்றேன்.

அதை அவள் எப்படி இங்கிலீஷில் எழுதினாளோ தெரியாது. தீர்வு என்ற கட்டத்தில், இனி இந்த மாதிரிப் பொருள் வாங்குவதைத் தரப்பிரிவே முடிவு செய்யும் என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அப்ரூவல் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது.

அதற்கு முன்னால் இன்னொரு தாள் பாக்கி இருந்தது. மறுபயிற்சிப் படிவம். பயிற்சி பெற்றவர் அருள்ஜோசப்.

"பயிற்சி குடுத்தவர்னு யாரைப் போடறதுங்க சார்?"

திம்மப்பனைக் கூப்பிட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ரஞ்சிதாவை ஒரு தடவை பார்த்தார், நான் விளையாடுகிறேனா என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சூடானா பெருகும்ணா."

"தெரியும்."

"நான் அன்னிக்கே கேட்டேன், கேப் கூட்டலாமான்னு."

"கேட்ட."

"டிராயிங்ல இருக்கிறதை ஓட்டுன்னீங்க."

"சொன்னேன்."

"அவ்ளோதாண்ணா டிரெய்னிங்."

ரஞ்சிதா தாளை நீட்டினாள். நான் என் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கியதும் பேனாவை எடுக்கவில்லை. கையை மறுபடி நன்றாகத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.