பினாயில் வாடை

"சும்மா நின்னு பாடினாப் போதும், நடிப்பெல்லாம் கிடையாது"ன்னுதான் எங்க மிஷனோட வெள்ளைக்காரத் துரைசாணியம்மா முதல்ல சொன்னாக. ஒரட்டோரியோன்னு அதுக்குப் பேரு. வேதத்துல ஒரு கதையை எடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாப் பாடணும். பின்னால நிக்கிற கூட்டம் நாலு குரலாப் பிரிஞ்சு சேர்ந்துக்கிரும். வைகையில அணை கட்டுற பேச்சே எங்க காதுக்கு வராத காலம். கம்பத்துக்குத் தெக்கே எங்க மிஷன் கோயில்ல, அந்த வருச அறுப்புப் பண்டிகைக்கு ரூத்தோட கதைன்னு முடிவாச்சு.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். ரூத் எனக்குத்தான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். கிடைச்சது நகோமி, அவளோட மாமியார். இருபத்திரண்டு வயசுல எனக்கு மாமியார் பாட்டு! ரூத் யாருன்னா, மிஷன் ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிறவ. எழுத்து ஒண்ணு தெரியாது. ஒரு தரம் பாடிக் காட்டினா அப்படியே பிடிச்சுக்கிருவா. ஆத்தாடி, என்ன குரல் அது! வயிறு எரிஞ்சும் என்னால ஒரு குறை சொல்ல முடியல.

பாதி ஒத்திகையில துரைசாணியம்மா புதுசா ஒண்ணைச் சேர்த்தாக. புருசன் செத்த மருமகளை, உன் தாய் வீட்டுக்குப் போன்னு நகோமி சொல்லுவா. போக மாட்டேன், உன் சனந்தான் என் சனம்னு ரூத் பாடுவா. அந்த இடத்துல ரூத் கையை நீட்டணும், நகோமி பிடிச்சுக்கிரணும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாங்க வேதத்துக்கு வந்து ரெண்டு தலைமுறை ஆகியும் சாதி எங்களை விட்டுப் போகல. கோயில்லயே நாங்க ஒரு பக்கம், தரை தொடைக்கிற அவ சனம் ஒரு பக்கம். அதைத் துரைசாணிகிட்ட எந்த வாயால சொல்ல?

"அவ கையில பினாயில் வாடை அடிக்குதும்மா, குமட்டுது. பாடவே வரல"ன்னு புளுகினேன்.

அவ பக்கத்துலதான் நின்னா. சட்டுனு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா. துரைசாணியம்மா சிரிச்சுக்கிட்டே, "சரி, பண்டிகை அன்னைக்குப் பிடிச்சுக்கோ"ன்னுட்டாக. நெசமாச் சொல்றேன், ஒரு வாடையும் எனக்கு வந்ததில்ல.

பண்டிகை அன்னைக்குப் பகல்ல, பீடத்துக்கு முன்னால நெல்லுக் கதிரும் பூசணிக்காயும் குவிஞ்சு கிடந்துச்சு. முன்வரிசையில கூடலூர்ல இருந்து என்னைப் பொண்ணு பார்க்க வந்தவுக உட்கார்ந்திருந்தாக. அவ கையைத் தொட்டா அந்தச் சம்பந்தம் அன்னைக்கே முறிஞ்சிரும்.

ஆர்மோனியம் இறங்கி ஒலிச்சுச்சு. அவ பாட ஆரம்பிச்சா, கையை நீட்டினா. நான் ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டுக் கூரையைப் பார்த்தேன். பாட்டு முடியிற வரைக்கும் அந்தக் கை எனக்கு முன்னால அப்படியே நின்னுச்சு. குரல் ஒரு இடத்துலயும் பிசகல. முடிஞ்சப்புறம் மெல்லக் கையை இறக்கிக்கிட்டா.

"பொண்ணு என்னமா அடக்கமா நின்னுச்சு!"ன்னு கூடலூர்க்காரவுக மெச்சினாக. அந்த வீட்டுக்குத்தான் வாக்கப்பட்டேன். ரூத் கதையை எங்கன வாசிச்சாலும் வெக்கத்துல இன்னைக்கும் என் தலை தானா குனிஞ்சிரும்.

அன்னைக்குக் கூட்டம் கலைஞ்சதும் நான் நின்ன கோயில் கிணத்தடிக்கு அவ வந்தா. எட்டத்துலயே நின்னா.

"டீச்சரம்மா, இன்னைக்கு வேலைக்கே போகல. சீயக்காய் போட்டு மூணு தரம் தேச்சுக் கழுவிட்டு வந்தேன். இன்னுமா வாடை அடிக்குது?"

கேட்டுக்கிட்டே தன் கையை மோந்து மோந்து பார்த்தா.

இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா, பின்ன ஏன் பிடிக்கலன்னு கேப்பாளே.

"லேசா அடிக்குது"ன்னேன்.

"மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா"ன்னா அவ.