மரியசெல்வி முந்திக்கொண்ட பதில்

மரியசெல்விக்கு வாய் கொஞ்சம் அதிகம். கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்; வீட்டில் கணவர் சவரிராஜுக்கும் சேர்த்துப் பேசுபவளும் அவள்தான். மனிதர் நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கறிக்கடையில் எலும்பு வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட அவள்தான் சொல்ல வேண்டும்.

சவரிராஜுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிகரெட். போன வருஷம் தவக்கால ஒறுத்தலாக அதை விட்டார். ஈஸ்டர் முடிந்தும் தொடவில்லை. மரியசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் பிளாக்கில் யார் குவாட்டர்ஸில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் நடந்தாலும் ஜெபத்துக்கு முன்னால் இந்தக் கதைதான்.

"எங்க வூட்டுக்காரரப் பாருங்க, ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டாரு!"

சவரிராஜ் பாயின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள் மகராசி.

சில மாதங்களில் ஆள் மாறிப்போனார். தூக்கமில்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. ஷிப்டுக்குக் கிளம்பும்போது டிபன் மூடியைக்கூடச் சரியாகப் போட முடியவில்லை. சும்மா ஏதாவது கேட்டாலே எரிந்து விழுந்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது அவர்மேல் மாம்பழ வாசம் அடிக்கும். சிகரெட்டை மறக்க மிட்டாய் சப்புகிறார் போல என்று அதற்கும் அவளே பதில் வைத்திருந்தாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனாள். "சிகரெட், பீடி உண்டா?" என்று டாக்டர் அவரைத்தான் கேட்டார். சவரிராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எப்பவோ வுட்டுட்டாருங்க டாக்டர். தொடறதே இல்ல."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். டாக்டர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார்.

மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஒரு நாள் பெல்ட் ஓரமாகவே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் சரியென்று சொல்லும்வரை பெல்ட் பக்கம் வர வேண்டாம் என்றும் சொல்லிப் போனார்கள்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பேனா மாதிரி ஒன்று இருந்தது. அதே மாம்பழ வாசம். நர்ஸ் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அகிலாவிடம் காட்டினாள்.

"இது வேப்பு அக்கா, பேட்டரில ஓடற சிகரெட்டு. இதுலயும் நிக்கோடின்தான். இழுத்தா கொஞ்ச நேரம் மனசு அடங்குன மாதிரி இருக்கும். அப்புறம் முன்னவிட ஜாஸ்தியா படபடக்கும்."

மரியசெல்வி கணவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சிகரெட்ட வுட்டதும் ஒண்ணும் முடியல செல்வி, இத இழுக்க ஆரம்பிச்சிட்டேன். நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச. அந்த சந்தோஷத்தப் பாத்துட்டு எப்டி சொல்றது?"

அவளால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த மனிதரைப் பேசவிட்டிருக்கலாமே என்று அழுதாள்.

மறுபடி அதே டாக்டரிடம் போனார்கள். "போன தடவ நான் தப்பா சொல்லிட்டேங்க. இவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கேட்டார். சவரிராஜ் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பேசவிட்டே இருபது வருஷப் பழக்கம். அவள் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.