நீட்டி மடக்கிய கை

எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. எஞ்சினைக் குளிர வைத்துவிட்டுத் திரும்பும் தண்ணீர் அதில் வந்து விழும். கை வைக்க முடியாத சூடு. ஜோகூரில் பெக்கோக் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் விறகு இல்லாமல் வெந்நீர் கிடைத்த இடம் அது ஒன்றுதான். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல்காரனுக்கு, சிரங்கு பிடித்த குழந்தைக்கு என்று கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்கள் தகர வாளியோடு வருவார்கள். எஞ்சின் ஓட்டுகிற வீரமுத்து யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. குழாயைத் திறந்துவிட்டு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்.

1912இல் பால் வெட்ட வந்தவர். எஞ்சினைப் பழுது பார்க்க வந்த சீனருக்குத் திருகுச் சாவி எடுத்துக் கொடுத்தே வேலையைக் கற்றுக்கொண்டார். அது எண்ணெய் எஞ்சின். தலையை ஊது விளக்கால் சுட்டுப் பழுக்க வைத்து, பெரிய சக்கரத்தைக் கையால் ஆட்டிக் கிளப்ப வேண்டும். ஆட்டுவதற்கு முன் வீரமுத்து சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார்.

"எஞ்சினு சாமிக்குப் பூசை ஆச்சா?" என்று பக்கத்து ரப்பர் ஆலையில் கேலி செய்வார்கள்.

"ஆட்டம் இருக்கான்னு பாத்தேன்" என்பார். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று அவருக்கே தெரியாது.

மகன் லெட்சுமணன் சிறுவனாக இருந்த காலத்தில் மனைவி ராசம்மா காய்ச்சலில் படுத்தபோது வீரமுத்து மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பெக்கோக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த யஹ்யா ஓதிக் கொடுத்த தண்ணீரை வாங்கிவந்து புகட்டினார். தோட்டத்துக் கிறிஸ்தவர்களைப் பார்க்க வந்த பாதிரியாரையும் லயத்துக்கு அழைத்துவந்தார். பாதிரியார் தண்ணீர் தெளித்து, "விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டார். வீரமுத்து தலையாட்டினார். கோயிலிலும் அப்படித்தான் தலையாட்டினார், கடையிலும் அப்படித்தான்.

ஒரு நாள் ராசம்மாவுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது வீரமுத்துவின் மனதில் ஒரு கணக்கு ஓடியது. இவள் பிழைத்துவிட்டால் யாருக்கு நன்றி சொல்வது? ஒருவருக்குச் செலுத்தினால் மற்ற இருவர் சும்மா இருப்பார்களா? மனைவி எதிரே கஞ்சிக்குக் காத்திருக்கிறாள். அவருக்கு இந்த யோசனை.

மறுநாள் காய்ச்சல் திரும்பி வந்தது. அவள் போய்விட்டாள். யாருக்கும் எதுவும் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

வீரமுத்து எந்தச் சாமியையும் திட்டவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது போய் நின்றார். திருநீறு கொடுத்தால் பூசிக்கொண்டார். ஆனால் கும்பிடக் கை சேரும்போதெல்லாம் அந்தக் கஞ்சிக் கிண்ணம் கண்முன் வந்தது. காரியம் ஆக வேண்டி மூன்று வாசலில் நின்றவன் நான்காவது முறை எந்த முகத்தோடு போய் நிற்பது? சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் வெட்கப்படவும் தேவையில்லை. அதையும் அவரால் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒன்றின் முன் மனிதனுக்கு இவ்வளவு கூச்சம் வருமா?

இதையெல்லாம் அவர் யாரிடமும் பேசவில்லை. பேச நேர்ந்தது ஓர் ஆடி மாதத்தில், 1924இல்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குச் சந்தனக்காப்பு. மறுநாள் பூசாரி சந்தனத்தை வழித்து எடுத்தபோது அம்மன் கழுத்தில் தங்கத் தாலிப்பொட்டு இல்லை. வெள்ளி மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் பூசாரி எண்ணெய் எடுக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். கோயில் ஆளில்லாமல் திறந்து கிடந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். கோயிலைக் கூட்டுகிறவள் பேச்சியம்மாள், புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை. வேறு யார் எடுத்திருப்பார்கள் என்று லயம் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது.

ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் பேச்சியம்மாள் கோயிலில் இல்லை. எஞ்சின் கொட்டகையில் இருந்தாள். குழந்தையின் காலில் சிரங்கு. அன்று பால் அதிகம், எஞ்சின் பொழுது சாயும்வரை ஓடியது. தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும் என்று அவள் தொட்டியடியில் உட்கார்ந்தே இருந்தாள். வீரமுத்துவுக்கு மட்டுமே அது தெரியும்.

ஞாயிறு காலை கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். நடுவில் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி ஐயாசாமி. வீரமுத்து கேட்காமலே முன்னால் வந்து சொன்னார்.

"அந்த நேரம் அது எங்கிட்டத்தான் இருந்துச்சு கங்காணியாரே. வெந்நி புடிக்க வந்துச்சு."

"உங்கிட்டவா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "வெந்நி மட்டுந்தான் புடிச்சாளா?"

சிரிப்பு எழுந்தது. கங்காணி கையமர்த்தினார். "சரி வீரமுத்து. நீ சொன்னா நான் நம்புறேன். ஆனா ஊரு நம்பணுமில்ல? கற்பூரத்த அணைச்சுச் சொல்லிடு. முடிஞ்சு போச்சு."

பூசாரி வாசற்படியில் வெற்றிலை வைத்து, அதன் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினார். உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்னது சத்தியம் என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் தழைக்காது என்பார்கள். பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வீரமுத்து இருக்கிறார் என்ற தைரியம் தெரிந்தது.

வீரமுத்து கையை நீட்டினார். சுவாலையின் சூடு உள்ளங்கையில் பட்டது. அப்போது அந்தக் கஞ்சிக் கிண்ணம் வந்தது. மறுபடியும் ஒரு காரியத்துக்காக இந்த வாசலுக்கு வந்திருக்கிறேன். நம்பினால் இத்தனை நாள் ஏன் கும்பிடவில்லை? நம்பவில்லை என்றால் இது வெறும் கைவித்தை, இதைக் காட்டியா ஊரை நம்ப வைப்பது? சொல்லப்போவது உண்மை. அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எதன் மேல் வைத்துச் சொல்வது என்பதில்தான் சந்தேகம்.

கையை மடக்கிக்கொண்டார்.

"என் வாயால சொல்றேன் கங்காணியாரே. இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"இது மேல எனக்கு..."

"ஓகோ, பாதிரியார் தண்ணி தெளிச்சுட்டாருல்ல. வேதப்புத்தகம் கொண்டாரச் சொல்லவா?"

"அதுவும் வேணாம்."

"யஹ்யா பாய் கடைக்குப் போயி குரான் மேல செய்யிறியா?"

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "சாமியே இல்லங்கிறான்" என்றார்.

"அப்படி நான் சொல்லல" என்றார் வீரமுத்து.

"பின்ன என்னதான்டா சொல்ற? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? என்ன சாதின்னு கேட்டா சொல்றே, எந்த ஊருன்னு கேட்டா சொல்றே. என்ன சாமின்னு கேட்டா முழிக்கிறே. ஒரு மனுசனுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார் கங்காணி.

வீரமுத்துவின் காது மடல் வரை எரிந்தது. பத்துப் பேர் நடுவில் துணி அவிழ்ந்தவன்போல நின்றார். "அண்ணே" என்றாள் பேச்சியம்மாள். ஒரே ஒரு தடவை. அவர் நிமிரவில்லை. கற்பூரம் தானே எரிந்து, வெற்றிலையில் கருப்பாக ஒரு வடு விட்டு அணைந்தது.

சத்தியத்துக்குப் பின்வாங்கினான் என்றால் சொன்னது பொய்தான் என்று ஊர் முடிவு கட்டியது. துரையிடம் சொல்லிக் கங்காணி அவளுக்குச் சீட்டுக் கிழித்தார். மறுநாள் காலை பேச்சியம்மாள் ஒரு கையில் மூட்டையும் ஒரு கையில் குழந்தையுமாகப் பெக்கோக் ரயிலடிக்கு நடந்தாள். வழி எஞ்சின் கொட்டகையைத் தாண்டித்தான் போகும். வீரமுத்து சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்பது அவருக்குத் தெரியாது. பார்த்திருந்தால் அதையும் தாங்கியிருக்க முடியாது.

தாலிப்பொட்டு கார்த்திகையில் கிடைத்தது. வழித்த சந்தனத்தைப் பூசாரி உருண்டை பிடித்துக் காய வைத்திருந்தார். வேர்க்குருவுக்குப் பூச அவர் மனைவி ஓர் உருண்டையை உடைத்தாள். உள்ளே இருந்தது. நூல் அறுந்து சந்தனத்தோடு போயிருக்கிறது. யாரும் திருடவில்லை.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. "எடுத்தவ ஆத்தாவுக்குப் பயந்து திருப்பிப் போட்டுட்டுப் போயிருக்கா" என்றார் கங்காணி.

"காஞ்ச உருண்டைக்குள்ள எப்படிப் போட முடியும்?" என்று வீரமுத்து கேட்டார்.

"உனக்கெதுக்குப்பா சாமி விசயம்?" என்றார் கங்காணி.

வீரமுத்து எஞ்சின் கொட்டகைக்குத் திரும்பி நடந்தார்.

பேச்சியம்மாள் பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் இருப்பதாக யஹ்யா சொன்னார். அங்கே அவருடைய மச்சானுக்குக் கடை. வீரமுத்து லீவு கேட்டு, ரயிலேறி ஜோகூர் பாருவுக்குப் போய், அங்கிருந்து வண்டி பிடித்துப் போனார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தார். ஒன்றும் தேறவில்லை.

அவள் வரிசையில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை துணி சுற்றியிருந்தாள். சுற்றாத இடமெல்லாம் முள் கிழித்த கோடுகள். இவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொட்டு கெடச்சிருச்சு" என்றார்.

"கேள்விப்பட்டேன். நான் பயந்து திருப்பிப் போட்டேனாமே."

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு அந்தச் சாமி மேல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு தெரியல. தெரியாம எப்படிச் சத்தியம் பண்றதுன்னு..."

பேச்சியம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"சாமி இருக்கா இல்லையான்னா நான் கேட்டேன்? நான் இருந்தேனா இல்லையான்னுதானேண்ணே கேட்டாங்க?"

பேச்சியம்மாள் கையில் சுற்றிய துணியை இழுத்து இறுக்கினாள்.

"என் புள்ளைய இங்க திருடி மவளேன்னு கூப்பிடுறாங்க. அங்கேருந்து ஒருத்தன் வந்தா போதும், பேச்சு அவன் பின்னாலயே வருது. நீங்க ரயிலேறி வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க. நானா உங்கள நம்பல?"

"நான் என்ன செய்யணும், சொல்லும்மா."

"எல்லாரும் நின்னாங்கள்ல, அதே எடத்துல, அவங்க முன்னால அணைச்சிட்டு வாங்க. நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. அது உங்க பாடு."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி பூசை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் வீரமுத்து முன்னால் வந்து கற்பூரம் கேட்டார். பூசாரி கங்காணியைப் பார்த்தார். கங்காணி தோளைக் குலுக்கினார். வீரமுத்து தானே வெற்றிலை வைத்துக் கொளுத்தினார்.

"பேச்சியம்மா அன்னிக்கு வெளக்கு வைக்கிற நேரம் எங்கிட்டத்தான் நின்னுச்சு. அது எடுக்கல. எடுக்காததால திருப்பிப் போடவும் இல்ல. இது சத்தியம்."

கையை வைத்தார். பழகியவர்கள் ஓர் அடியில் அணைத்துக் கையை எடுத்துவிடுவார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எஞ்சின் சக்கரத்தின் மேல் வைப்பதுபோல வைத்து, அப்படியே நின்றார். பூசாரிதான் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். தோல் வழன்றிருந்தது.

"இத அன்னிக்கே செஞ்சு தொலைக்கிறதுக்கென்ன?" என்றார் கங்காணி. குரலில் கேலி குறைந்திருந்தது. "இப்ப சாமி இருக்குன்னு ஒத்துக்கிறியா?"

"தெரியல கங்காணியாரே."

"தெரியாமத்தான் அணைச்சியா?"

"ஆமா."

தெரியாமலே செய்ய முடிந்திருக்கிறது. அன்றைக்கும் முடிந்திருக்கும். முதல் நாள் கூட்டத்தின் சிரிப்பில் நின்றபோது பட்ட வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது. கையை மூடிக்கொண்டு, யாரும் வழிவிடச் சொல்லாமலே ஒதுங்கி, லயத்துக்குப் போனார்.

அதன் பிறகு யாரும் பேச்சியம்மாளைத் திருடி என்று அவர் காதுபடச் சொல்லவில்லை. யஹ்யா மூலம் செய்தி போயிற்று. அவள் "சரி" என்று மட்டும் சொல்லியனுப்பினாள். தோட்டத்துக்குத் திரும்பவில்லை. வீரமுத்து அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் எஞ்சின் ஓட்டினார். கோயிலுக்குப் போனார், கடைசி வரிசையில் நின்றார். வெந்நீர் கேட்டு வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டார். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

1936இல் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இறந்தார். ஜோகூர் பாருவில் மின்சார வேலை படித்த மகன் லெட்சுமணன் விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். குளிப்பாட்டும்போது அப்பாவின் வலது கையை விரித்துத் துடைத்தான். ரேகை ஒவ்வொன்றிலும் எண்ணெய்க் கறுப்பு ஊறியிருந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நடுவில் ஒரு காசளவு இடம் மட்டும் ரேகையே இல்லாமல் வழுவழுப்பாக, சுத்தமாக இருந்தது.

ஆஸ்பத்திரி ஆள் கதவருகே வந்து நின்றார். வண்டி எந்த இடுகாட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"இவரு என்ன மதம் தம்பி?"

"அவருக்கே தெரியாதுங்க."

"தெரியாதவங்களுக்குன்னு தனியா எடம் இல்லியே தம்பி. வண்டி நிக்குது."

லெட்சுமணன் முகம் சுட்டது. வாயில் வந்தது அப்பா ஒருநாளும் சொல்லத் துணியாத சொல்.

"இந்துன்னு வெச்சுக்குங்க" என்றான்.

அந்த ஆள் போய்விட்டார். லெட்சுமணன் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.