இரண்டு அணிக்கு ஒரே ஸ்டேடியம், நடுவில் நான்

அணிக்கு ஐந்து பேராக ஆடும் குட்டிக் கால்பந்துதான் புட்சால். அந்த மைதானத்தில் கவுண்டர் வேலை என்றால் காலணியை வாடகைக்குக் கொடுப்பது, வியர்வைச் சட்டைகளை வாங்கிப் போடுவது, பந்து கூரையில் மாட்டிக்கொண்டால் கம்பு தேடுவது, இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இத்தாலி வரலாறும் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள்.

சுவரில் ஏறிய மிலான்

எங்கள் மைதானம் ஸ்கூடாய் என்ற ஊரில் இருக்கிறது. முதலாளி இப்ராஹிம் பாய் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனவர், மிலான் நகரத்துக் கால்பந்து ஸ்டேடியத்தைப் பார்த்து மயங்கித் திரும்பினார். வந்த வாரமே எங்கள் நீளச் சுவர் முழுக்க அதை வரைய வைத்துவிட்டார். சுற்றிலும் தூண் தூணாகக் கோபுரங்கள், உச்சியில் சிவப்பு இரும்பு உத்திரங்கள்.

படத்தோடு விட்டிருக்கலாம். அங்கே கேட்டு வந்த அதன் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டும் என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், வாய் தவறி ஏதாவது உளறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“பயப்படாத சரசு, மிலான்லேர்ந்து யாரு வந்து ஒன்ன செக் பண்ணப் போறா?”

வெயில் படாத புல்

முதலில் மாட்டியது ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில், ஓர் அணியின் தலைவர் கட்டிய ஸ்டேடியம் அது என்றேன். பிறகு நகராட்சி வாங்கியது, மாடி மேல் மாடி ஏறியது, உலகக் கிண்ணப் போட்டிக்காக மூன்றாவது மாடியும் கூரையும் வந்தன என்றேன். ஒரு பிள்ளை என்னை “டீச்சர்” என்று கூப்பிட்டதில் பாதி மறந்துபோனது.

மாடி உயர்ந்ததும் வெயில் உள்ளே வராமல் புல் சரியாக வளரவில்லையாம் என்று எப்படியோ முடித்தேன். முன்வரிசையில் நின்ற குட்டிப் பெண் குனிந்து எங்கள் பச்சைத் தரையைத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப நம்ம கோர்ட்டுதான் பெஸ்ட் ஆண்ட்டி. பிளாஸ்டிக் புல்லுக்கு வெயிலே வேணாம்!”

ஒரு வீடு, இரண்டு குடும்பம்

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கோஷ்டி வந்து ஒன்றோடொன்று மோதும். லாரி ஓட்டும் மணியம் அண்ணன் கோஷ்டிக்குச் சிவப்பு கறுப்புச் சட்டை. டயர் கடை சேகர் கோஷ்டிக்கு நீலம் கறுப்பு. மிலானிலும் அதே நிறங்களில் இரண்டு அணிகள் அந்த ஒரே ஸ்டேடியத்தில்தான் ஆடுகின்றன. இந்த இரண்டு கோஷ்டியில் ஒன்று நின்றுபோனாலும் கவுண்டரைத் தன் மச்சானிடம் கொடுத்துவிட்டு என்னைத் துணி துவைக்கும் அறைக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. என் முழங்காலும் அந்த ஈரத்தைத் தாங்காது.

அந்தப் பயத்தோடுதான் இரண்டு கோஷ்டிக்கும் கதையைச் சொன்னேன். முதலில் சிவப்பு கறுப்பு அணிக்காகக் கட்டினார்கள், நீல அணி ரொம்ப வருடம் கழித்துத்தான் அங்கே வந்தது என்று. மணியம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். சேகர் முகம் சுருங்கிவிட்டது.

“அலமாக்! அப்ப நாங்க என்ன, ரூம் வாடகைக்கு வந்தவங்களா அக்கா?”

ஆளுக்கு ஒரு கதை

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மணியம் அண்ணன் கோஷ்டி தனியாக நிற்கும்போது, “கட்டினது ஒங்களுக்காகத்தான், அது ஒங்க வீடு” என்றேன். சேகர் கோஷ்டியிடம், “நீங்க வர்றதுக்கு முன்னாலயே நகராட்சி வாங்கிடுச்சு, அப்புறம் அது எப்படி அவங்க வீடாகும்?” என்றேன். இரண்டுமே பொய் இல்லை. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது.

ஒரு சனிக்கிழமை பெருமழையில் கரண்டு போய்விட்டது. ஆட முடியாமல் இரண்டு கோஷ்டியும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்தன. “சரசு அக்காவே சொன்னாங்க” என்று இந்தப் பக்கம் ஒரு குரல், “எங்ககிட்டயும் அக்காதான் சொன்னாங்க” என்று அந்தப் பக்கம் ஒரு குரல். நான் மெல்லக் கவுண்டருக்கு அடியில் குனிந்து காலணிகளை அடுக்குவதுபோல் இருந்தேன். அடுத்த வாரம் எது உண்மை என்று தெரிந்தால்தான் ஆட்டம், இல்லாவிட்டால் வேறு கோர்ட்டு என்று சேகர் சொன்னது கேட்டது. பிறகு தலைக்கு மேலே மணியம் அண்ணன் குரல்.

“நல்லா குனிங்க அக்கா, கொண்டை தெரியிது லா.”

செக் பண்ண வந்தவர்

அந்த வாரமே முதலாளி ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சொந்த ஊர் மிலானாம்! என் கையிலிருந்த ஒரு ஜோடிக் காலணி கீழே விழுந்தது. கதையைச் சொல்லச் சொன்னார்கள். நான் தமிழில் சொல்ல, முதலாளி ஆங்கிலத்தில் சொன்னார். நடந்த சண்டையையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

மிலான்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அப்பா சிவப்பு, அம்மா நீலமாம். இரண்டு அணியும் மோதும் நாளில் வீட்டில் சாப்பாடு இருக்குமாம், பேச்சு இருக்காதாம். இப்போது ஸ்டேடியத்தையே இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம், அதற்கும் ஊரில் சண்டையாம். போகும்போது அவர் சொன்னதை முதலாளி எனக்குத் தமிழில் சொன்னார்.

“எங்க ஊர்லயே இன்னும் தீராத சண்டை, நீங்க ஏம்மா ஸ்கூடாய்ல தீர்க்கப் பாக்கறீங்க?”

சனிக்கிழமை

இரண்டு கோஷ்டியும் தீர்ப்புக் கேட்க வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றன. குதிரைத் திடலில் ஆரம்பித்தேன். கட்டிய கதையைச் சொன்னேன், புல் வளராத கதையைக்கூட விடவில்லை. கடைசியில், “அப்புறம் அந்த இன்னொரு அணி...” என்று வாயெடுத்ததும், முதலாளியின் விசிலை வாயில் வைத்து மூச்சு இருக்கும் மட்டும் ஊதிப் பந்தை உள்ளே உருட்டிவிட்டேன். தலை யோசிக்கும் முன்னால் இருபது கால்களும் ஓடிவிட்டன.

அன்றிலிருந்து மிலான் வரலாறு எங்கள் கோர்ட்டில் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது, நானும் ஜன்னல் உள்ள பக்கத்திலேயே இருக்கிறேன்.