தண்ணீர் ஒரு படம், கொழுப்பு ஒரு படம்

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் இருபது வருடமாகப் பாலைச் சோதிப்பவள் நான். சாமி மேல் சத்தியம் செய்கிறவர்களின் கேனைத்தான் முதலில் கலக்கிப் பார்ப்பேன். இந்தப் புத்தி வேலையோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

என் வீட்டுக்காரரின் இடது தொடையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, கொய்யாக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டுப் பார்த்த டாக்டர், "வெறும் கொழுப்புக் கட்டியா இருந்தா பயமில்ல. வேற மாதிரி இருந்தா மதுரைக்குப் போயி சதை எடுத்துப் பாக்கணும்" என்று சொல்லி, தேனியில் எம்ஆர்ஐ எடுக்க எழுதிக் கொடுத்தார். இவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் காணாமல் போனார். சட்டைப் பையைத் துழாவினேன். ராயப்பன்பட்டிக்குப் போன பஸ் டிக்கெட், மூன்று. அங்கே எங்களுக்குச் சொந்தமும் கிடையாது, சோலியும் கிடையாது. கேட்டதற்கு "சும்மாதான்" என்றார். சும்மா என்று சொல்கிறவனின் பாலில்தான் எப்போதும் தண்ணீர் இருக்கும். பொம்பளை விவகாரமோ என்று கூட நினைத்தேன், இந்த வயசிலும்.

ஸ்கேன் சென்டரில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், உடம்பில் இரும்பு, நகை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள். இவர் இரண்டு தடவையும் இல்லையென்று தலையாட்டினார். எனக்கு அந்தப் பெண் மேலும் நம்பிக்கை வரவில்லை. கதவோரம் நின்று அவளுடைய கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்குள் படுத்திருந்த இவருடைய அதே இரண்டு தொடைகள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படமாக வந்தன.

"இதுல கொழுப்ப எடுத்தாச்சும்மா. தண்ணி மட்டுந்தான் தெரியும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "யாரக் கேட்டு எடுத்த தாயி? பாலுல ஏடு எடுக்குறவக கூட இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாக."

அவள் சிரித்துவிட்டாள். "படத்துல மட்டுந்தாம்மா. தண்ணியும் கொழுப்பும் ஒரே வேகத்துல சுத்தாது. ரெண்டும் ஒத்துப்போற நேரத்துல ஒருதடவ எடுப்போம், எதிரும் புதிருமா நிக்கிற நேரத்துல ஒருதடவ எடுப்போம். ரெண்டையும் கூட்டுனா தண்ணி, கழிச்சா கொழுப்பு."

"கட்டி எதுல இருக்கு?"

"தண்ணிப் படத்துல" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியென்றால் இது கொழுப்புக் கட்டி இல்லை. மதுரை, கத்தி, எல்லாம் கண்முன் வந்தன. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் படத்தையே பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வலது தொடையில் தோலுக்கு அடியில் இருக்கிற பட்டை கொழுப்புப் படத்தில் வெள்ளையாக இருந்தது. இடது தொடையிலோ, கட்டிக்குப் பக்கத்தில், அதே பட்டை தண்ணீர்ப் படத்துக்குப் போயிருந்தது.

"ஒரே மாடு, ஒரு காம்புல பாலு, ஒரு காம்புல தண்ணியா கறக்கும்? இங்கன எவனோ கலப்படம் பண்ணிருக்கான் தாயி."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். புருவம் சுருங்கியது. "மெஷினு தண்ணியையும் கொழுப்பையும் மாத்திப் போட்டிருக்கும்மா. பக்கத்துல இரும்பு இருந்தா இந்தக் கணக்கு தப்பிரும்" என்று எழுந்து, படுக்கையை வெளியே இழுத்தாள்.

நான் நேராக அவருடைய இடுப்பில் கை வைத்தேன். அரைஞாண் கயிற்றை உயிரோடு இருக்கும்போது அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த மனிதர் அதை ஸ்கேனுக்காகக் கொடுத்த நீல அங்கிக்குள் ஒளித்துவைத்திருந்தார். அதில் புதிதாக ஒரு பதக்கம், மாதா படம் போட்டது. ராயப்பன்பட்டி மாதா கோயிலில் வாங்கியது.

"உள்ள போறப்பவே இழுத்துச்சு" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "மாதாதான் கூட வர்றாகன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதக்கத்தைக் கயிற்றோடு நானே அறுத்தெடுத்தேன். மறுபடி எடுத்த படத்தில் இரண்டு தொடையும் ஒத்துப்போயின. கட்டி முழுசாகக் கொழுப்புப் படத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. சாயந்திரம் டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டு, வெறும் கொழுப்புதான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அறுந்த கயிற்றை முடிந்து, பதக்கத்தைக் கோத்து அவர் கையில் கொடுத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. "பயமா இருந்தா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானய்யா? ஒளிச்சு ஒளிச்சு அங்கன போயி அப்படி என்னத்த வேண்டுன?"

அவர் கயிற்றை வாங்கிச் சட்டைக்கு அடியில் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் போயிட்டா நீ யாரச் சந்தேகப்படுவ? அதத்தான் சொல்லி வேண்டுனேன்."