‘வராது’ என்று சொல்ல மறுத்தவர்

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பியூன் ஓடிவந்து, “நம்ம பூகோள சார் ஞானசிகாமணி காலையில தவறிட்டாவ” என்றார். “நிச்சயமாவா?” என்று கேட்டுவிட்டேன். ‘நிச்சயமாவா’ என்று யார் கேட்டாலும் நெளிகிற மனிதரைப் பற்றி, அப்படி ஒரு கேள்வி!

பழைய மாணவர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூமி ஆறிச் சுருங்கியதால் மலைகள் உண்டாயின என்றது நம் பாடப்புத்தகம். இவரோ, பூமியின் மேலோடு பெரிய பலகைகளாகப் பிளந்து நகர்கிறது, அவை மோதித்தான் மலை எழும்புகிறது என்று எங்கோ படித்துவிட்டு, தரையில் கால் பாவாமல் திரிந்தார். “பரீட்சையில புத்தகத்தை எழுது, மண்டையில இதை வச்சுக்கோ” என்பார். டிராயிங் மாஸ்டரான என்னிடம் இமயமலை வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். “ஒட்டகம் நல்லா வந்திருக்கு வே” என்றார்.

எனக்குப் பெண் கிடைக்காமல் தலை வழுக்கையாகிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் சாத்தான்குளத்து எமிலி சம்மதித்தாள். அவளுடைய அப்பா, கருப்பட்டி வியாபாரி சாமுவேல் அண்ணாச்சி, வீடு பார்க்க வந்தார். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பூமி பாரம் தாங்காமல் தூத்துக்குடி குலுங்கப் போகிறது என்று யாரோ சந்தையில் அவர் காதில் ஓதியிருந்தார்கள். என் வாடகை வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு வேறு. அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். போச்சு!

ஞானசிகாமணியைக் கூப்பிட்டேன். “‘தூத்துக்குடிக்குப் பூகம்பம் வராது’ன்னு ஒரு வார்த்தை சொல்லும், போதும்” என்று கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை, எங்களைப் பழைய துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு தோணிகள் உரசிக்கொண்டு நின்றன. தோணிக்காரர் தெரிந்தவர், ஒன்றில் ஏற்றி உட்காரவைத்து டீ கொடுத்தார். அண்ணாச்சி விளிம்பில் உட்கார்ந்தார். ஞானசிகாமணி ஆரம்பித்தார்.

“பூமி குலுங்குதது கல்லு கொட்டுததால இல்ல அண்ணாச்சி. நம்ம தேசமே வருஷத்துக்கு ரெண்டு மூணு விரக்கடை வடக்க போகுது.”

“ஐயையோ! யாரைக் கேட்டுப் போகுது?”

“பாருங்க, இதோட ஆணி அதோட பலகையில மாட்டிக்கிட்டு நிக்கி. அலை இழுக்கு, ஆணி விடல. இழுப்பு சேந்துக்கிட்டே போகும். தாங்காம ஒரு நொடியில விட்டுதுன்னா—”

விட்டது. தோணி திடுக்கென்று குதித்தது. டீ முழுவதும் அண்ணாச்சியின் வேட்டியில்.

“இதுதான் பூகம்பம்” என்றார் ஞானசிகாமணி, ஆனந்தமாக.

அண்ணாச்சி தவழ்ந்தே நடுவிலிருந்த பாய்மரத்தடிக்குப் போனார். “இங்கன அவ்வளவு குலுக்கல் இல்லையே?”

“தூத்துக்குடியும் அங்கனதான் இருக்கு, நடுவுல. உரசுத ஓரத்துலதான் அடி அதிகம்.”

“அப்ப இங்க வரவே வராது, நிச்சயம்தானே?”

நான் ஞானசிகாமணியின் காலை மிதித்தேன். “வராதுன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நடுவுலயும் பழைய பிளவு கிடக்கும். எப்பவாவது முனகும். சாத்தான்குளத்துக்கும் அப்படித்தான்.”

அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்துகொண்டே அவரை உற்றுப் பார்த்தார். “சரி சார். மாப்பிள்ளை எப்படி?”

நான் மறுபடியும் ஞானசிகாமணியின் காலைத் தேடினேன்.

“படம் சுமாரா போடுவாரு. வாயைத் திறந்தா பொய். ஆனா யாரையும் அழவச்சுப் பாத்ததில்ல.”

கல்யாணம் போயே போச்சு என்று நான் கடலைப் பார்த்தேன். அண்ணாச்சியோ, “தரகன் பூரா தங்கம்னு சொன்னான், நான் நம்பல. நீங்க சொல்லுதீய, நம்புதேன். தேதியைக் குறிங்க” என்றார். ஞானசிகாமணிக்கு அது காதிலேயே விழவில்லை. குனிந்து அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான்: உள்ளதைச் சொல்லியும் ஒருவனை வாழவைக்கலாம் என்ற நம்பிக்கை. பழக்கத்துக்குத்தான் இன்னும் வரவில்லை. இதை எழுதி எமிலியிடம் வாசித்துக் காட்டினேன். “இந்தத் தடவை பொய் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு” என்றாள். சாருக்கு நான் போடும் மாலை அதுதான்.